கம்பு, கத்தி, கட்டுக்கதை

சென்ற வருஷம் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். புகழ்ந்து எழுதிய கடிதம்தான். புகழ்ச்சி எந்த எழுத்தாளனுக்கும் கசப்பதில்லை. இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் வயிற்றில் என்னவோ செய்தது.

விஷயம் இதுதான். என் நாவல் ஒன்றில் வரும் கதாநாயகி மணிலாவில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். ஒரு பின்னிரவில் தெருமுனையில் ஒருவன் அவளிடம் கத்தியை நீட்டுகிறான். அவள் பிலிப்பைன்ஸில் கற்ற வித்தையைக் காட்டுகிறாள். இடக்கையால் அவன் மணிக்கட்டைத் தட்டி, வலக்கையால் முறுக்கி, கண்மூடித் திறப்பதற்குள் கத்தியைப் பறித்து, அவனை மண்டியிட வைத்துவிடுகிறாள். அத்தியாயம் அங்கே முடிகிறது. அதைத் தொடராக வெளியிட்டபோது பலர் பாராட்டினார்கள். நானும் உள்ளூரப் பூரித்துப்போனேன்.

அந்த வாசகி எழுதியிருந்தது: "நானும் இரவு வேலை முடிந்து ஒன்றரை மணிக்குத் தனியாக வீடு திரும்புகிறவள். உங்கள் கதாநாயகி கற்ற அதே வித்தையை எங்கள் ஊரிலும் மூன்று மாதத்தில் சொல்லித்தருகிறார்களாம். சேரலாமா? அவளைப் போல ஆக மூன்று மாதம் போதுமா?"

நான் என்ன பதில் எழுதுவேன்? அந்த வித்தையைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. 2002-இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில், கையில் கிடைத்த பேனாவை வைத்துக்கொண்டு கத்திக்காரனை வீழ்த்தும் கதாநாயகனைப் பார்த்திருந்தேன். அது பிலிப்பைன்ஸ் முறை என்று யாரோ சொன்னார்கள். அதை எடுத்து என் கதாநாயகிக்குப் புடவை கட்டிவிட்டேன். அவ்வளவுதான் என் ஞானம். அந்த ஞானத்தை நம்பி ஒரு பெண் ஒன்றரை மணி இருட்டில் ஒரு கத்தியின் எதிரே நிற்கப் போகிறாள்!

கதையில் நாம் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது பழைய சித்தாந்தம். எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆகவே முதலில் தெரிந்துகொண்டு பிறகு பதில் எழுதுவது என்று தீர்மானித்தேன். புத்தகங்களைப் புரட்டினேன். பத்து நாள் செபுவுக்கும் போய்வந்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலின் நீண்ட வடிவம். இதில் சிலரை நான் கோபித்துக்கொள்ளப் போகிறேன். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

முதலில் வித்தை என்னவென்று பார்ப்போம். அர்னிஸ், எஸ்கிரிமா, காலி என்று அதற்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. (மூன்றாவது பெயருக்கு நம் மொழியில் உள்ள அர்த்தத்தை நினைத்துச் சிரிக்க வேண்டாம்.) முதல் இரண்டும் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. எஸ்கிரிமா என்றால் வாட்போர். அர்னிஸ் என்பது கவசத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. 2009 டிசம்பரில், 9850-ஆம் எண் சட்டத்தின் மூலம், அர்னிஸ் பிலிப்பைன்ஸின் தேசியப் போர்க்கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவிக்கப்பட்டது.

இதன் விசேஷம் ஒன்று உண்டு. மற்ற பல கலைகளில் வெறுங்கையைப் பழக்கிவிட்டு, வருஷங்கள் கழித்து ஆயுதத்தைத் தொடவிடுவார்கள். இங்கே முதல் நாளே கையில் கம்பு. சுமார் 28 அங்குல நீளமுள்ள பிரப்பங்கம்பு. பிரம்பு இலேசானது, அடிபட்டால் சட்டென்று இரண்டாக ஒடியாது, நார் நாராகப் பிரியும், சிலாம்பு தெறித்துக் கண்ணைக் குத்தாது. கம்பில் பழகிய அசைவே பிறகு கத்திக்கும், 'போலோ' என்னும் அந்த நாட்டு அரிவாளுக்கும், கடைசியில் வெறுங்கைக்கும் வருகிறது. எதிரியின் கையில் என்ன ஆயுதம் என்று பார்க்காதே, அது எந்தக் கோணத்தில் வருகிறது என்று பார் என்பது பாடம். பல பள்ளிகளில் பன்னிரண்டு கோணங்கள் என்று எண் போட்டுச் சொல்லித்தருகிறார்கள். ஆயுதம் ஏந்திய கையையே முதலில் அடி. பாம்பின் பல்லைப் பிடுங்கிவிட்டால் பாம்பு என்ன செய்யும் என்பது அவர்களுடைய தத்துவம்.

தெளிவான சிந்தனை. அனுபவத்தில் விளைந்த சிந்தனை. இதை நான் குறை சொல்ல வரவில்லை. இதன்மேல் ஏற்றிவைத்திருக்கும் பொய்களைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் பொய் சரித்திரத்தைப் பற்றியது. இந்த வித்தையைக் கற்பிக்கும் இடங்களில் அநேகமாக முதல் நாளே ஒரு கதை சொல்லுவார்கள். 1521-இல் மெகல்லனை, மக்தான் தீவின் தலைவன் லாபுலாபு இந்த வித்தையால்தான் வீழ்த்தினான் என்று. செபுவில் விமானம் இறங்குவதே அந்த மக்தான் தீவில்தான். அங்கே ஒரே திடலில் மெகல்லனுக்கு 1866-இல் எழுப்பிய நினைவுத்தூணும் இருக்கிறது. லாபுலாபுவின் வெண்கலச் சிலையும் நிற்கிறது. கொன்றவனும் செத்தவனும் ஒரே இடத்தில் மரியாதை பெறுவது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் நடந்தது என்ன? மெகல்லனோடு போன இத்தாலியர் அந்தோனியோ பிகாபெத்தா அந்தச் சண்டையில் இருந்தவர்; பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். ஏப்ரல் 27-ஆம் தேதி. பாறைகளால் படகுகள் கரையை நெருங்க முடியவில்லை. 49 பேர் தொடையளவு தண்ணீரில் நடந்து போகிறார்கள். எதிரே 1,500 பேர் என்பது அவர் சொல்லும் கணக்கு. தூரத்திலிருந்து சுட்ட துப்பாக்கிகளால் பயனில்லை. ஸ்பானியர்கள் உடம்பில் கவசம் பூண்டிருக்கிறார்கள், காலில் இல்லை. தீவினர் அதைக் கவனித்துக் காலையே குறிவைக்கிறார்கள். மெகல்லனின் வலக்காலில் விஷ அம்பு பாய்கிறது. பிறகு அவர் வாளை உருவப் போகிறார். கையில் மூங்கில் ஈட்டிக் காயம். பாதிதான் உருவ முடிகிறது. இடக்காலில் ஒரு பெரிய வெட்டு விழ, குப்புற விழுகிறார். ஈட்டிகளும் வாள்களும் அவர்மேல் பாய்கின்றன.

இதில் ரகசிய வித்தை எங்கே இருக்கிறது? தண்ணீர் இருக்கிறது, பாறை இருக்கிறது, ஆள் எண்ணிக்கை இருக்கிறது, கவசமில்லாத காலைக் கண்டுபிடித்த கூர்மை இருக்கிறது. பிகாபெத்தா எந்தப் போர்க்கலையின் பெயரையும் சொல்லவில்லை. தற்காப்பு கற்க வருகிறவனுக்கு இந்தச் சண்டையில் உண்மையான பாடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆயுள் முழுதும் வாளோடு வாழ்ந்த ஒரு தளபதி, தன் கடைசிக் காலையில், அந்த வாளைப் பாதிக்குமேல் உருவ முடியாமல் செத்தான். அந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. அதைச் சொன்னால் மாணவர்கள் வரமாட்டார்களே!

பழைமை என்ற போர்வை போர்த்தினால் எதற்கும் மதிப்புக் கூடிவிடும் என்று நினைக்கிறோம். இந்தக் கலைக்கு அந்தப் போர்வை தேவையில்லை. அதன் மெய்யான சரித்திரமே போதுமானது. 1932-இல் செபுவில் சிலர் கூடி 'தோசே பாரேஸ்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். 1952-இல் வெனான்சியோ பாக்கோன் என்பவர் அதிலிருந்து பிரிந்து, ஒரு கடிகாரக் கடையின் பின்கட்டில் தம் முறையைக் கற்பிக்கத் தொடங்கினார். அந்தத் தெருவின் பெயரான 'பாலிந்தாவாக்' என்பதே அந்த முறைக்குப் பெயராயிற்று. இரண்டு கூட்டத்தாரும் பல வருஷம் ஒருவரையொருவர் சவாலுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், பிழைப்புக்காகக் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்துப் பண்ணைகளில் கூலி வேலைக்குப் போன பிலிப்பினோக்கள் இதைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். 1966-இல்தான் ஏஞ்சல் கபாலெஸ் அங்கே வெளியாருக்கும் கதவைத் திறந்து ஒரு பள்ளி தொடங்கினார். கூலிக்காரர்களும் கடிகாரம் பழுதுபார்க்கும் கடையும் தெருச் சவாலும் சேர்ந்து வளர்த்த வித்தை இது. இதற்கு மேல் என்ன பெருமை வேண்டும்?

இரண்டாவது பொய் முதலாவதைவிட ஆபத்தானது. அது அழகைப் பற்றியது.

'சினவாலி' என்று ஒரு பயிற்சி உண்டு. இருவர் எதிரெதிரே நின்று, கைக்கு ஒன்றாக நான்கு கம்புகளை ஒரே தாளத்தில் மோதவிடுவார்கள். மூங்கில் பாய் முடைவது போலக் கம்புகள் பின்னிப் பின்னி ஓடும். பெயரும் அந்தப் பாய் முடைவதிலிருந்து வந்ததுதான். 'ஹுபுத் லுபுத்' என்று இன்னொன்று. 'கட்டு, அவிழ்' என்று அர்த்தம். ஒருவன் கை ஓங்க, மற்றவன் தட்டி, திருப்பி, அவன் ஓங்க, இவன் தட்ட, சக்கரம்போல் சுழன்றுகொண்டே இருக்கும். பார்க்க வெகு அழகு. பத்து நிமிஷம் பார்த்தால் கற்றுக்கொள்ள ஆசை வரும். பத்து நாள் பழகினால் நமக்கும் வந்துவிட்டது என்று தோன்றும்.

அங்கேதான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது. இந்தப் பயிற்சிகள் கையையும் கண்ணையும் பழக்குவதற்கு ஏற்பட்டவை. சுருதி சேர்ப்பது போல. எதிரே நிற்கிறவர் நமக்கு உதவி செய்கிறார். நாம் எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த வேகத்தில், கம்பைக் கொண்டுவந்து கொடுக்கிறார். கத்தியை நீட்டுகிறவன் அப்படிச் செய்வானா? சுருதி சேர்த்து முடித்ததையே கச்சேரி என்று டிக்கெட் விற்கிறவர்களை என்னவென்று சொல்வது?

இந்தக் கோளாறு நல்ல எண்ணத்திலிருந்தே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய முறையில் மாணவனின் கையிலேயே அடிப்பார்கள். விரல் வீங்கி, மணிக்கட்டு பிசகி, பலர் ஓடிவிடுவார்கள். ரெமி பிரேசாஸ் என்ற ஆசான், கைக்குப் பதில் கம்பையே அடிக்கும்படி மாற்றி, 'நவீன அர்னிஸ்' என்று பெயர் வைத்து, கலையை அழியாமல் காப்பாற்றினார். 1970-களில் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார். அவர் 2001-இல் காலமானார். அவர் செய்தது கருணை. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கையை அடிப்பதே உயிர்நாடியாக உள்ள ஒரு வித்தையில், கையை ஒருநாளும் அடிக்காமலும் கையில் ஒருநாளும் அடிபடாமலும் ஒருவன் பத்து வருஷம் பழகினால், அவன் கற்றது என்ன? இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களின் கையில் அந்தக் கருணையே வஞ்சனையாகிவிட்டது.

விளையாட்டாகப் பழகுவதில் தவறே இல்லை. 2019-இல் மணிலாவிலும் சுற்றுப்புறத்திலும் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் அர்னிஸுக்கு மட்டும் இருபது தங்கப் பதக்கங்கள் இருந்தன. பதினான்கைப் பிலிப்பைன்ஸே வென்றது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, புள்ளிக் கணக்கில் மோதும் போட்டி. அவர்கள் யாரும் அதைத் தெருச் சண்டை என்று சொல்லவில்லை. மறுபுறம், 1988-இல் கலிபோர்னியாவில் ஒரு சிலர் 'நாய்ச் சகோதரர்கள்' என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டு, தலைக்கு ஒரு வலைமுகமூடியும் கைக்கு ஓர் உறையும் தவிர அதிகப் பாதுகாப்பில்லாமல், நிஜக் கம்பால் நிஜமாகவே அடித்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது என்ன? நேர்த்தியான அடவுகள் முதல் சில அடிகளிலேயே குலைந்துபோகின்றன. இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துத் தரையில் உருளுகிறார்கள். காலடியும் தூரமும் மட்டும் தெரிந்தவனுக்குக் கைகொடுக்கின்றன. இது குரூரம் என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எனக்கும் அந்த விளையாட்டில் ருசியில்லை. ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது பொய்தான் என்னுடைய பொய். கத்தியைப் பறிக்கும் பொய்.

செபுவில் ஒரு வீட்டின் கொல்லையில் ஒரு முதிய ஆசானைச் சந்தித்தேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும். முன்கை முழுதும் பழைய தழும்புகள். நான் என் நாவலின் அந்தக் காட்சியை அவருக்கு விவரித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என்னை ஒரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். தம் பேத்தியைக் கூப்பிட்டு, அவள் கையில் ஒரு சிவப்பு மைக்கோலைக் கொடுத்தார். கல்லூரியில் படிக்கும் மெலிந்த பெண். கம்பைத் தொட்டதே இல்லையாம். "இதுதான் கத்தி. உங்கள் கதாநாயகி செய்ததைச் செய்யுங்கள்" என்றார் என்னிடம்.

எனக்கு மூன்று நாள் பயிற்சி ஆகியிருந்தது. மணிக்கட்டைத் தட்டி முறுக்கும் அடவை நன்றாகவே செய்துகொண்டிருந்தேன், எதிரே இருப்பவர் கையை நீட்டியபடி நின்றபோது. அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. தையல் இயந்திரத்தின் ஊசிபோலக் குத்தினாள், இழுத்தாள், மறுபடி குத்தினாள். இடக்கையால் என் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டாள். நான் அவள் மணிக்கட்டை ஒரு தடவை பிடித்தேன், வழுக்கிப் போய்விட்டது. கிழவர் கை தட்டி நிறுத்தினார். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. சட்டையைக் கழற்றி எண்ணினோம். வயிற்றில் நான்கு, விலாவில் இரண்டு, கையில் ஐந்து. கழுத்தில் ஒன்று இருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் அன்று இரவு அந்தக் கழுத்துச் சிவப்பைக் கழுவும்போது சிரிக்கவில்லை.

"அப்படியானால் கத்தி வந்தால் என்ன செய்வது?" என்று கேட்டேன். கிழவர் கொல்லைக் கதவைக் காட்டினார். ஓடுவதற்கு.

இது ஏதோ ஒரு கிழவரின் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். 1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரத்துப் போலீஸ் அதிகாரி டென்னிஸ் டூலர் ஒரு சோதனை செய்து எழுதினார். கத்தி ஏந்திய சாதாரண மனிதன் 21 அடி தூரத்தை ஒன்றரை வினாடியில் கடந்துவிடுகிறான். அதற்குள் பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுவதே பெரும்பாடு. 21 அடி என்றால் நம் வீட்டுக் கூடத்தின் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். துப்பாக்கிக்காரனுக்கே இந்தக் கதி என்றால், மூன்று மாதம் கை முறுக்கப் பழகியவளுக்கு?

இன்னொன்றையும் மறைக்கிறார்கள். கம்பு வித்தை கற்றவன் கையில் கம்பு இருக்க வேண்டுமல்லவா? 28 அங்குலப் பிரம்பை ஏந்திக்கொண்டு யார் வேலைக்குப் போகிறார்கள்? இந்தக் கலை பிறந்த பிலிப்பைன்ஸிலேயே, பிழைப்புக் கருவியாக அல்லாமல், கூர்மையானதோ மொட்டையானதோ ஓர் ஆயுதத்தை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வது குற்றம். 1978-இல் வந்த சட்டம் அது. தற்காப்பு என்று வாதாடுவதற்கும் அந்நாட்டுத் தண்டனைச் சட்டம், தோசே பாரேஸ் தோன்றிய அதே 1932-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மூன்று நிபந்தனை விதிக்கிறது. எதிரி சட்டவிரோதமாகத் தாக்கியிருக்க வேண்டும். தடுக்க நாம் கையாண்ட வழி அவசியத்துக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். நாம் போதிய அளவு தூண்டிவிட்டிருக்கக் கூடாது. இதை நிரூபிப்பது, தற்காத்துக்கொண்டதாகச் சொல்கிறவன் பொறுப்பு. தங்கள் ஆசான் பாக்கோன், தம்மைத் தாக்கவந்தவனைக் கொன்றுவிட்டுச் சிறை சென்ற கதையைப் பாலிந்தாவாக் வழியினரே சொல்லுகிறார்கள். வென்ற பிறகும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதில் எதிராளி அரசாங்கம்.

இப்போது இரண்டு கட்சிக்காரர்கள் எழுந்திருப்பார்கள்.

ஒருவர் கேட்பார்: "அப்படியானால் இந்த வித்தையால் ஒன்றும் ஆகாது என்கிறீரா?" நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கிழவரிடம் மிச்சமிருந்த நாட்களில் நான் கற்றது கொஞ்சமல்ல. ஒரு கை எவ்வளவு தூரம் நீளும், அந்த எல்லைக்கு வெளியே நிற்க எத்தனை அடி பின்வாங்க வேண்டும் என்று என் காலுக்கே தெரிய ஆரம்பித்தது. அடி விழும்போது கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம் குறைந்தது. எதிரே வருகிறவனின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கப் பழகினேன். உடல்பலம் குறைந்தவருக்கும் வயதானவருக்கும் கம்பு ஒரு சமநிலையைத் தருகிறது, அது மெய். எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தி என்றால் என்னவென்று தெரிந்தது. இந்தப் பயம் பெரிய செல்வம். கத்தியை அறிந்தவன் பர்ஸைக் கொடுத்துவிடுவான். ஆனால் இவற்றுக்கு விலை உண்டு. வாரத்துக்கு இரண்டு நாள் என்று வருஷக்கணக்கில் பழக வேண்டும். எதிராளி ஒத்துழைக்காமல் முரண்டு பிடிக்கும் மோதலை அந்தப் பழக்கத்தில் ஒரு பங்காவது வைக்க வேண்டும். அந்த விலையைச் சொல்லாமல் சரக்கை விற்கிறவரைத்தான் நான் குற்றம் சாட்டுகிறேன்.

மற்றொருவர் இன்னும் சாமர்த்தியமாகப் பேசுவார்: "பயந்து நடுங்கும் ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் தைரியம் கிடைத்தால் உமக்கு என்ன நஷ்டம்? பொய்யோ மெய்யோ, தைரியம் தைரியம்தானே?" இந்த வாதத்தை நான் வெறுக்கிறேன். பொய்த் தைரியம் ஓடவேண்டிய காலை நிற்க வைக்கிறது. நஷ்டம் எனக்கு இல்லை, அவளுக்குத்தான்.

அதோடு, அந்தத் தைரியம் யாருக்கு எதிராக? தெருமுனையில் நிற்கும் அந்நியனுக்கு எதிராகவே எல்லா விளம்பரங்களும் பேசுகின்றன. என் நாவலும் அதையே பேசியது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருத்தி வாழ்நாளில் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். அதில் பெரும்பகுதி கணவனாலோ துணைவனாலோ நடப்பது. அவன் கத்தியோடு இருட்டில் நிற்பதில்லை. வீட்டுச் சாவியை வைத்திருக்கிறான். அவன்மேல் எந்தக் கோணத்தில் கம்பை வீசுவது? பன்னிரண்டில் எது?

பெண்களுக்குப் பயிற்சியே வீண் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை; உண்மை அதற்கு எதிராக இருக்கிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் சுமார் 900 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு மொத்தம் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. மறுபாதிக்குத் துண்டுப் பிரசுரங்கள் மட்டும். ஒரு வருஷத்தில் பிரசுரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 9.8 பேர் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். பயிற்சி பெற்றவர்களில் 5.2 பேர். ஏறக்குறையப் பாதி! அந்தப் பன்னிரண்டு மணியில் உடலால் எதிர்த்துப் போராடப் பழக்கியதும் உண்டு. ஆனால் அது சிறு பகுதியே. மீதி நேரமெல்லாம் அறிமுகமானவர்களிடமிருந்து வரும் ஆபத்தை எப்படிக் கண்டுகொள்வது, கூச்சத்தை உதறிவிட்டு எப்படி மறுப்பது, எப்போது கூச்சல் போடுவது, எப்போது எழுந்து வெளியேறுவது என்பவை. இங்கே கத்திப் பறிப்பு இல்லை, வெண்கலச் சிலை இல்லை, ஐந்நூறு வருஷப் பழங்கதை இல்லை. ஆனால் பலன் இருக்கிறது. இதைப் படம் எடுத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்; நாவலில் எழுதினால் "விறுவிறுப்பு இல்லை" என்று நீங்களே கடிதம் போடுவீர்கள்.

ஆம், வாசகர்களையும் நான் விடப் போவதில்லை. கதாநாயகி கத்தியைப் பறித்த அத்தியாயத்துக்கு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்தன. அதே நாவலின் இன்னோர் இடத்தில், அவள் தன் மேலதிகாரியின் அறையிலிருந்து பாதிப் பேச்சில் எழுந்து, கதவைத் திறந்துவிட்டு நின்று பேசுகிறாள். என் மட்டில் அந்த நாவலில் அவள் செய்த உருப்படியான தற்காப்பு அதுதான். அதைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. நானும் அதைப் பெரிதாக எண்ணி எழுதவில்லை; கதையை நகர்த்த அரைப் பக்கத்தில் போட்டுவைத்தேன். விற்கிறவனும் வாங்குகிறவனும் சேர்ந்துதான் சந்தை நடக்கிறது.

கடைசியில் அந்த வாசகிக்கு எழுதிய பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, அந்தக் காட்சியை நான் சினிமாவைப் பார்த்து எழுதினேன். அது நடக்காது. நானே செய்துபார்த்துத் தோற்றேன். அந்த வித்தையைக் கற்க ஆசையிருந்தால் தாராளமாகச் சேருங்கள். அழகான கலை, உடம்புக்கும் நல்லது. சேருமுன் ஆசானிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முரண்டு பிடிக்கும் எதிராளியோடு மோதவிடுவீர்களா? கத்திக்காரன் வந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்? முதல் கேள்விக்கு 'விடுவேன், ஆறு மாதம் போகட்டும்' என்று சொன்னால் சேருங்கள். இரண்டாவது கேள்விக்கு ஓடச் சொல்கிறவராக இருந்தால், அவரை விட்டுவிடாதீர்கள். ஒன்றரை மணிக்கு உங்களைத் தனியாக அனுப்பும் முதலாளியிடம் வண்டி கேளுங்கள். மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். அதுவும் தற்காப்புத்தான்."

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. வண்டிக்கு மனுக் கொடுத்திருக்கிறார்களாம். ஏழு பேர் கையெழுத்து. இன்னும் முடிவு தெரியவில்லை. கம்பு வகுப்பில் சேரவில்லை. "உங்கள் கதாநாயகியைப் பற்றி நினைத்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது" என்றும் எழுதியிருந்தார்.

எனக்கும் வருத்தம்தான். நாவலின் மறுபதிப்புக்காக அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். கத்தியைப் பார்த்ததும் அவள் கைப்பையை அவன் முகத்தில் எறிந்துவிட்டு, செருப்பையும் உதறிவிட்டு, வெளிச்சமுள்ள கடைவீதியை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடுகிறாள். பதிப்பாளர் படித்துவிட்டு, "பழையதே நன்றாக இருந்ததே, சார்" என்றார். இருந்தது. அதனால்தான் மாற்றினேன்.